நிறம் பார்த்த சம்பந்தியும் சுத்தம் பார்த்த சம்பந்தியும்

லவ்ஜிபாய் ககடியா முப்பத்திரண்டு வருஷமாக வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு எதுவும் போட்டதில்லை. துக்கம் எதுவும் இல்லை, அரசியலும் இல்லை. சூரத் வராச்சா ரோட்டில் ஒரு வைரக் கம்பெனியில், நேர்வெயில் விழாத வடக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து கல்லுக்கு நிறம் பார்த்துப் பிரிப்பவர் அவர். கலர் சட்டை போட்டால் அதன் சாயல் கல்லில் விழும், கல் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

வைரத்தின் நிறத்துக்கு இங்கிலீஷ் எழுத்துகள்தான் கணக்கு. 'டி' என்றால் நிறமே இல்லாத ஊற்றுத் தண்ணீர். ஈ, எஃப், ஜி என்று இறங்க இறங்க மஞ்சள் ஏறும். கடைசி எழுத்துக்கு வரும்போது கல், நெய் ஜாடி மாதிரி இருக்கும். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் உள்ள வித்தியாசம் சாதாரண மனிதக் கண்ணுக்குத் தெரியாது. லவ்ஜிபாய்க்கு அடுத்த தெருவிலிருந்தே தெரியும்.

வேலை முடிந்ததும் செருப்பைக் கழற்றுவதுபோல அந்தக் கண்ணைக் கம்பெனி வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர முடிந்திருந்தால் வீட்டில் நிம்மதி இருந்திருக்கும். ஒருநாள் காலை பாத்திரத்தில் விழுந்த பாலைப் பார்த்து, "நேத்து ஜி, இன்னைக்கு ஐ. எருமைய மாத்திட்டியா?" என்று கேட்டார். பால்காரர் கையிலிருந்த அளவுச் சொம்பு கீழே விழுந்தது. எருமையை மாற்றியது அவர் மனைவிக்கே தெரியாதாம். இன்னொரு நாள் எதிர்ச்சாரியில் நடந்து போன மைத்துனரைப் பார்த்து, "கண்ணு கே ஆயிடுச்சு, ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார். அது மஞ்சள் காமாலைதான் என்று கண்டுபிடிக்க டாக்டருக்கு மேலும் மூன்று நாள் பிடித்தது.

இதெல்லாம் பெருமைதான். மகள் ஹேமாலிக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோதுதான் சங்கடம் வந்தது. முதல் பையன் சிரித்தான். லவ்ஜிபாய், "ஜே" என்று எழுந்துவிட்டார். இரண்டாமவன் வெற்றிலை போடுகிறவன். அவனுக்கு எழுத்தே கிடைக்கவில்லை. பதினொரு பையன்கள் அப்படியே போனார்கள்.

"ஏங்க, அவ பல்லையா கட்டிக்கப் போறா?" என்று கேட்டாள் மனைவி ஜசுபென்.

"தினம் காலையில எழுந்து பார்க்கப்போறது அதைத்தானே."

ஹேமாலி பல் டாக்டர். பன்னிரண்டாவது பையனை அவளே கண்டுபிடித்தாள். பெயர் ஜெய்மின். கடைவாய்ப் பல்லுக்கு வைத்தியம் செய்துகொள்ள வந்தவன், பல் சரியான பிறகும் வந்துகொண்டிருந்தான். பெண் பார்க்க வருவதற்குப் பதினைந்து நாள் முன்பு அவனை நாற்காலியில் சாய்த்து, வாய் முழுக்க மருந்து தடவி, முப்பத்திரண்டு பல்லையும் தன் கையாலேயே வெளுத்துவிட்டிருந்தாள். லவ்ஜிபாய் அவனைப் பார்த்ததும் அசந்துபோனார்.

"ஈ! சுத்தமான ஈ! இந்தக் காலத்துல இப்படி ஒரு பல்லா?"

அன்று சாயங்காலம் ஹேமாலி அவரெதிரே உட்கார்ந்தாள். "பப்பா, இது பன்னெண்டாவது. இதுவும் உடைஞ்சா பதிமூணுன்னு ஒண்ணு கிடையாது. நான் இந்த வீட்லயேதான் இருப்பேன். தினம் மத்தியானம் உங்களுக்கு எதிர்ல உட்கார்ந்து சாப்பிடுவேன். சண்டை போடமாட்டேன், பேசமாட்டேன். உங்களையே பார்த்துட்டிருப்பேன். அவ்வளவுதான்."

அந்தப் பார்வையை மாதிரிக்கு ஒரு முறை காட்டவும் செய்தாள். அன்றைக்கு லவ்ஜிபாய் ரொட்டித் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசல் திண்ணைக்குப் போய்விட்டார்.

ஜெய்மினின் அப்பா கோர்தன்பாய் வேகரியாவும் வைரக்காரர்தான். ஆனால் நிறத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அவர் சுத்தம் பார்ப்பவர். கல்லுக்குள் புள்ளி, கீறல், மேகம் எது இருந்தாலும் லென்ஸைக் கண்ணில் வைத்துக் கண்டுபிடித்துவிடுவார். இருபத்தெட்டு வருஷமாக லென்ஸ் வைத்து வைத்து அவருடைய வலது புருவம் அரை அங்குலம் மேலேயே நின்றுவிட்டது. தூங்கும்போதுகூட யாரையோ சந்தேகப்படுவதுபோல் தூங்குவார் என்று அவர் மனைவி சொல்வாள். டீயில் நுரைக்குமிழி இருந்தால் திருப்பி அனுப்புவார். பையனுக்குப் பார்த்த ஒன்பது பெண்களை அவர் தள்ளியதும் இந்தக் கணக்கில்தான். ஒருத்திக்குக் காதோரம் மச்சம் இருந்தது. "ஓரத்துல கரும்புள்ளி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஹேமாலியின் இடது முழங்கையில் சின்ன வயசில் பட்ட சூட்டுத் தழும்பு ஒன்று உண்டு. பெண் பார்க்கும் அன்று அவள் இடது கைப்பக்கம் சுவர் இருக்கும்படி உட்கார்ந்தாள். கோர்தன்பாய் எதிரில் உட்கார்ந்து மேலும் கீழும் பார்த்து, "ஒண்ணும் இல்ல. சுத்தம்" என்றார்.

இப்படியாக இரண்டு பக்கமும் திருப்தி. மிச்சமிருந்தது நிச்சயதார்த்த மோதிரம்.

மற்ற வீடுகளில் மோதிரம் மாப்பிள்ளை வீட்டுக் காரியம். வைரக்காரர் வீட்டில் அப்படி விட முடியுமா? இரண்டு அப்பாக்களும் சேர்ந்து பணம் போடுவது, சேர்ந்தே கல் எடுப்பது என்று முடிவாயிற்று. தரகர் நானுபாய் அன்றே எச்சரித்தார்.

"பாய், நீங்க சொல்ற விலைக்கு நிறமும் சுத்தமும் சேர்ந்து வராது. இதுல ஒரு படி, அதுல ஒரு படி இறங்கினா நடுவுல நல்ல கல்லு இருக்கு. ஜி நிறம். உள்ள சின்னதா ஒரு புள்ளி. கையில போட்டா யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

"யாருக்கும் தெரியாதா?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். சம்பந்திகள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

"சரி, சர்ட்டிபிகேட் பார்த்தாவது..."

"கல்லைப் பார்க்கத் தெரியாதவன்தான் காகிதத்தைப் பார்ப்பான்" என்றார் கோர்தன்பாய். லவ்ஜிபாய் தலையாட்டினார். அது இரண்டாவது விஷயம். மூன்றாவது என்று ஒன்று வெகுநாள் வரவில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் வரை எந்தக் கல்லும் தேறவில்லை. அன்று காலை பத்து மணிக்கு மூவரும் மகிதர்புரா சந்தில் கூடினார்கள். அங்கே கடை என்று தனியாக வேண்டாம். நிறுத்தி வைத்த ஸ்கூட்டர் சீட்டுதான் மேஜை. நடுத்தெருவில் நானூறு பேர் மடித்த வெள்ளைக் காகிதப் பொட்டலங்களை விரித்து வைத்துக்கொண்டு, உலகத்தின் பாதி வைரத்தை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோர்தன்பாய் மாம்பழ மஞ்சளில் சஃபாரி சூட் போட்டு வந்திருந்தார்.

"இதைப் போட்டுட்டு நீங்க கல்லு பக்கத்துல நிக்கக்கூடாது" என்றார் லவ்ஜிபாய்.

"ஏன்? நாளைக்கு விசேஷத்துக்குத் தைச்சது. பொருத்தம் பார்க்கப் போட்டேன்."

"உங்க சட்டையைப் பார்த்து டி கல்லே வெக்கப்பட்டு எல் ஆயிடும்."

டீக்கடையிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டு வாங்கி, சவரத்துக்கு உட்கார்ந்தவர்போல் கோர்தன்பாயின் கழுத்தைச் சுற்றிக் கட்டிய பிறகுதான் பொட்டலம் பிரிந்தது. நானுபாய் இரண்டு கல் கொண்டுவந்திருந்தார். இரண்டும் ஒரே அளவு. ஒன்று லவ்ஜிபாய்க்காக: நிறம் டி. மற்றது கோர்தன்பாய்க்காக: உள்ளே ஒரு தூசி கிடையாது.

லவ்ஜிபாய் தன் கல்லை வெள்ளைக் காகிதத்தில் கவிழ்த்து வைத்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் கண் குளிர்ந்தது. "பாருங்க சம்பந்தி. கல்லு இருக்கிற இடமே தெரியல. தண்ணி."

கோர்தன்பாய் லென்ஸை வைத்தார். எடுத்தார். "தண்ணிதான். உள்ள காக்கா ஒண்ணு செத்து மிதக்குது."

"அது ஊசி முனை அளவு புள்ளி!"

"காக்காவும் தூரத்துல இருந்து பார்த்தா புள்ளிதான். நம்ம கல்லைப் பாருங்க. நடுவுல ஒரு எறும்பு கால் வைக்கக்கூட இடம் இல்லாத சுத்தம்."

லவ்ஜிபாய் பார்த்தார். "சுத்தம்தான். சுத்தமான விளக்கெண்ணெய். இது கே."

"மஞ்சள் மங்கலம்."

"மங்கலம்னா மஞ்சக் கிழங்கை வாங்கி விரல்ல கட்டுங்களேன். செலவு மிச்சம்."

"பாய், நடுவுல ஒரு ஜி..." என்று நானுபாய் தொடங்கினார்.

"நீ சும்மா இருப்பா!"

மதியம் வந்தது, போனது. கடலைமாவில் பொரித்த காட்டியா வாங்கிச் சாப்பிட்டார்கள். அதன் நிறத்தைப் பற்றி லவ்ஜிபாயும், அதற்குள் கிடந்த ஓமத்தைப் பற்றி கோர்தன்பாயும் அபிப்பிராயம் சொன்னார்கள். நாலு மணி வாக்கில் பேச்சு கல்லைவிட்டு நகர்ந்தது.

"உள்ள அழுக்கு இருந்தாலும் பரவாயில்ல, மேல வெளுப்பா இருந்தா போதும்னு நினைக்கிற வீடு" என்றார் கோர்தன்பாய், தெருவைப் பார்த்து. "அங்க பொண்ணு எடுக்கறதை இன்னொரு தடவை யோசிக்கணும்."

லவ்ஜிபாய்க்கு மத்தியானச் சாப்பாட்டு மேஜை கண்முன் வந்தது. எதிரே ஹேமாலி, அந்தப் பார்வையோடு. இன்றைக்கு, நாளைக்கு, இருபது வருஷத்துக்கு. வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார். ஆனால் முப்பத்திரண்டு வருஷத்துப் பழக்கம் முந்திக்கொண்டது.

"மஞ்சளைக் கண்ணால பார்த்தும் மஞ்சள்னு சொல்லத் தெரியாத வீட்டுக்குப் பொண்ணைக் கொடுக்கவும் யோசிக்கணும்தான்."

"அப்ப யோசிங்க!"

"நீங்க முதல்ல இதைப் பாருங்க!" என்று லவ்ஜிபாய் நானுபாயின் மணிக்கட்டைப் பிடித்து வடக்கே திருப்பினார். கோர்தன்பாய் அதே மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். நானுபாயின் கையில் விரிந்திருந்த காகிதம் வானத்தைப் பார்த்து ஒரு முறை மலர்ந்து, காலியாகக் கீழே வந்தது.

"கொட்டிருச்சு!" என்று அலறினார் நானுபாய்.

மகிதர்புராவில் அந்த ஒரு சொல்லுக்கு இருக்கிற மரியாதை வேறு எதற்கும் கிடையாது. யார் காதில் விழுந்தாலும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். தூக்கிய காலை வைக்கக்கூடாது. வைத்த காலைத் தூக்கக்கூடாது. கல் செருப்பில் ஒட்டிக்கொண்டு போய்விடும் அல்லவா? நானூறு பேரும் நின்றார்கள். ஸ்கூட்டரில் ஒரு காலைப் போட்டவர் மறு காலைத் தரையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கொட்டாவி விட்டவர் வாயை மூடவில்லை. விதியில் வாயைப் பற்றி ஒன்றும் இல்லைதான், ஆனாலும் எதற்கு வம்பு என்று இருந்துவிட்டார். டீக்காரர் உயரத்திலிருந்து ஊற்றிய டீ, பார்த்தவர்கள் சொல்கிறபடி, நடுவழியில் கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் கிளாஸில் விழுந்தது. முனையில் நின்ற பசுவும் பின்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி அப்படியே நின்றது. அது இந்தச் சந்தில் பிறந்து வளர்ந்த பசு.

போன் எடுக்காத அப்பாக்களைத் தேடிக்கொண்டு ஹேமாலியும் ஜெய்மினும் சந்துக்குள் நுழைந்த நேரம் அதுதான். நெரிசலில் அவள் தடுமாறாமலிருக்க ஜெய்மின் கையைப் பிடித்திருந்தான். பிடித்தபடியே நின்றார்கள். நிச்சயத்துக்கு முன் இப்படிக் கைகோத்து நிற்பதை இரண்டு வீட்டிலும் யாரும் அனுமதித்திருக்கமாட்டார்கள். ஆனால் விதி விதிதான். இரண்டு மணி நேரம் அசையாமல் சந்தை ஒழுக்கத்தைக் காப்பாற்றினார்கள்.

அப்பாக்கள் இருவரும் முட்டி போட்டுத் தவழ்ந்தார்கள். இரண்டு முறை தலையோடு தலை முட்டிக்கொண்டது. மூன்றாவது முறை முட்டியபோது கோர்தன்பாயின் பையிலிருந்து லென்ஸ் நழுவியது. லவ்ஜிபாயின் முழங்கால் அதன்மேல் ஏறி இறங்கியது. நொறுங்கிய சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. வேண்டுமென்று செய்யவில்லை என்று லவ்ஜிபாய் இன்றுவரை சொல்கிறார்.

ஒவ்வொருவர் செருப்பையும் திருப்பிப் பார்த்து, தெரு மண்ணைப் பெருக்கி, டீ வடிகட்டியில் சலித்தார்கள். பத்துப் பன்னிரண்டு கண்ணாடித் துண்டுகள், ஒரு தோட்டின் திருகு, ஒரு பொய்ப்பல் ("எச்" என்றார் லவ்ஜிபாய், தன்னையறியாமல்) கிடைத்தன. கடைசியில், சாக்கடை ஓரத்தில் ஒரு வைரம். ஒன்றுதான். நானுபாய் அதைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்தபோது மணி ஆறே கால். தெரு விளக்குகள் மஞ்சளாக எரிந்தன.

எந்தக் கல் கிடைத்தது?

அந்த விளக்கில் லவ்ஜிபாய்க்குக் கல் மட்டுமல்ல, சம்பந்தி, பசு, தன் சட்டை எல்லாமே 'எம்' நிறமாகத் தெரிந்தது. கோர்தன்பாயிடம் லென்ஸ் இல்லை. சுற்றி நின்றவர்களிடம் நானூறு லென்ஸ் இருந்தது, எல்லோரும் நீட்டினார்கள். அடுத்தவர் பல் துலக்கும் பிரஷ்ஷை வாயில் வைக்கச் சொன்னதுபோல கோர்தன்பாய் பின்வாங்கினார்.

"யாரோட கல்லு கிடைச்சுது?" என்று தூரத்திலிருந்து ஹேமாலி கேட்டாள். நகராமல், அப்பாவையே பார்த்துக்கொண்டு. அதே பார்வை.

"என்னோடது" என்றார் லவ்ஜிபாய்.

"என்னோடது" என்றார் கோர்தன்பாய்.

ஜெய்மின் தொண்டையைச் செருமினான். "அப்ப ரெண்டு பேருக்கும் பிடிச்ச கல்லுதானே கிடைச்சிருக்கு? கடை மூடறதுக்குள்ள தட்டான்கிட்ட கொடுத்துடலாமே."

லவ்ஜிபாய் யோசித்தார். பாவம், தன் கல் தொலைந்தது தெரியாமல் சம்பந்தி சந்தோஷமாக இருக்கிறார், அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டார். கோர்தன்பாயும் அதே இரக்கத்தோடு அவரைப் பார்த்துத் தலையசைத்தார். தொலைந்த கல்லின் விலையில் ஆளுக்குப் பாதி என்று பேச்சாயிற்று.

மறுநாள் காலை கதர்காம் கல்யாண மண்டபத்தில் வாசனைத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த லவ்ஜிபாயின் கையை யாரோ பிடித்து இழுத்தார்கள். நானுபாய். முகம் வெளிறியிருந்தது, லவ்ஜிபாய் சட்டென்று எழுத்தைக்கூடச் சொல்லியிருப்பார். ஐஸ்கிரீம் பெட்டிக்குப் பின்னால் இழுத்துப் போய் நானுபாய் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். இரண்டு கல்.

"பேண்ட் மடிப்புல இருந்துச்சு பாய். ராத்திரி வீட்டுல கழட்டி உதறினேன். ரெண்டும் டங்குனு விழுந்துச்சு."

லவ்ஜிபாய் பார்த்தார். டி. பக்கத்தில் கே. சந்தேகமே இல்லை.

"அப்ப மோதிரத்துல இருக்கிறது?"

"யாரோ எப்பவோ தொலைச்சது. என்ன நிறம், என்ன சுத்தம், ஒண்ணும் தெரியாது. எடை மட்டும் எனக்குத் தெரியும்."

"வைரம்தானா?"

"வைரம்தான் பாய். அதுக்குமேல நான் பார்க்கல. பார்க்க பயமா இருந்துச்சு."

முப்பத்திரண்டு வருஷத்தில் எழுத்துத் தெரியாத ஒரு கல் லவ்ஜிபாயைத் தாண்டிப் போனதில்லை. இன்று அது அவர் மகளின் விரலில் ஏறப்போகிறது. மேடையின் வடக்குப் பக்கம் ஆளுயர ஜன்னல். மணி பத்தரை. இதைவிட நல்ல வெளிச்சம் கடவுளிடம் கேட்டாலும் கிடைக்காது. நாலு எட்டு வைத்தால் போதும், ஒரே பார்வை. பார்த்தால் சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னால் நிச்சயதார்த்தம் நின்ற மாதிரிதான்.

மேடைக்குப் போனார். கோர்தன்பாய் மஞ்சள் சஃபாரியில் நின்றுகொண்டிருந்தார். தட்டில் மோதிரம். கோர்தன்பாயின் கை பழக்கத்தில் சட்டைப்பைக்குப் போயிற்று. வெறுங்கையாகத் திரும்பியது.

"புது லென்ஸ் வாங்கலையா சம்பந்தி?"

"வாங்கினேன்" என்றார் கோர்தன்பாய். "வீட்டுல மறந்துட்டு வந்துட்டேன்."

இருபத்தெட்டு வருஷத்தில் லென்ஸை மறக்காத மனுஷர். லவ்ஜிபாய் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் நானுபாயைத் தேடினார். நானுபாய் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் முதலில் போயிருக்க வேண்டும்.

அப்போது, இருபத்தெட்டு வருஷமாக மேலேயே நின்ற கோர்தன்பாயின் வலது புருவம் மெல்ல இறங்கி, இடது புருவத்துக்கு நேராக வந்து நின்றது. லவ்ஜிபாய் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். ஜெய்மின் மோதிரத்தைப் போட்டான். எல்லோரும் கை தட்டினார்கள். சம்பந்திகள் ஒருவர் வாயில் ஒருவர் பேடா ஊட்டிக்கொண்டார்கள். பேடாவின் நிறத்தைப் பற்றியோ, அதற்குள் கிடந்த ஏலக்காய்த் தோலைப் பற்றியோ யாரும் எதுவும் சொல்லவில்லை.

சந்தைச் சங்கத்தின் பலகையில் நானுபாய் ஒழுங்காக எழுதிப்போட்டார்: தெருவில் ஒரு கல் கிடைத்திருக்கிறது, தொலைத்தவர் அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். ஒரு வாரத்தில் பதினேழு பேர் வந்தார்கள். பதினேழு பேரும் தொலைத்தது டி நிறம், உள்ளே தூசி கிடையாது. கொஞ்சம் மஞ்சள் என்றோ, ஓரத்தில் ஒரு புள்ளி என்றோ சொல்லிக்கொண்டு ஒருவர்கூட வரவில்லை. எடையும் யாருக்கும் பொருந்தவில்லை. கடைசியில் கல்லின் கிரயத்தைச் சம்பந்திகள் இருவரும் பசு மடத்துக்குக் கட்டினார்கள். சந்துமுனைப் பசுவுக்கு அதில் பங்கு உண்டா என்று தெரியவில்லை.

கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹேமாலி அப்பாவுக்கு எதிரே சாப்பிட உட்கார்ந்தாள். வலது கை ரொட்டியைப் பிய்த்தது. மோதிரம் போட்ட இடது கை தட்டுக்குப் பக்கத்தில், ஜன்னல் வெளிச்சத்தில் இருந்தது. லவ்ஜிபாய் மோரையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

"இன்னைக்கு மோர் என்ன எழுத்து?" என்றாள் ஜசுபென்.

"நல்லா இருக்கு."

ஜசுபென் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"பப்பா, கிளினிக்ல வர்றவங்க எல்லாரும் கேக்கறாங்க" என்று ஹேமாலி இடது கையை அவர் முன்னால் நீட்டினாள். "இது என்ன நிறம்?"

வடக்கு ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தது. தெருவில் யாரோ சட்டை உலர்த்தினால் அதன் பொத்தானை எண்ணிவிடலாம், அவ்வளவு வெயில்.

"வெளிச்சம் பத்தலம்மா" என்றார் லவ்ஜிபாய்.